இரண்டு லேத்துக்கு நடுவே ஒரு ரோபோ: திட்டம் போட்டதிலிருந்து ஓட்டம் வரை

கோயம்புத்தூருக்குத் தெற்கே, பொள்ளாச்சி சாலையை ஒட்டிய ஒரு மெஷினிங் யூனிட்டில் புரொடக்‌ஷன் பார்க்கிறேன். ஃபோர்ஜிங்காக (சூட்டில் அடித்து உருவாக்கியதாக) வரும், வட்டத் தட்டு மாதிரியான எஃகு ஃபிளாஞ்சை, புரோகிராமில் ஓடும் கடைசல் மெஷினான சிஎன்சி லேத் இரண்டில் கடைந்து, துளை போட அடுத்த பிரிவுக்கு அனுப்புவது எங்கள் லைனின் வேலை. இந்த லைனுக்கு ரோபோ போடலாமா என்று முதலாளி கேட்ட நாளிலிருந்து, அது மூன்று ஷிஃப்டும் ஓடத் தொடங்கியது வரையிலான வேலையை எழுதி வைக்கிறேன். ரோபோ கை சுழல்கிற வீடியோக்கள் நிறையக் கிடைக்கின்றன. அது சுழல ஆரம்பிப்பதற்கு முன்னால் என்னென்ன முடிவு செய்ய வேண்டும் என்று தமிழில் யாரும் எழுதி நான் படித்ததில்லை.

பீஸ் 140 மி.மீ. விட்டம், சி45 எஃகு. கச்சாவாக வரும்போது 3.8 கிலோ, முதல் லேத்தை விட்டு வரும்போது 3.4, இரண்டாவது முடிந்தால் 3.1. முதல் ஆபரேஷனுக்கு 92 விநாடி, இரண்டாவதுக்கு 78. ஓர் ஆபரேட்டர் இரண்டு மெஷினையும் பார்த்துக்கொள்வார். எடுத்து, ஊதி, மாட்டி, கதவை மூடி, பட்டனை அழுத்த அவருக்குச் சராசரியாக 22 விநாடி ஆகும்.

ரோபோவுக்கு இது ஒன்றும் புது வேலை இல்லை. 1961இல் அமெரிக்காவின் நியூஜெர்சியில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் முதன்முதலாக வேலைக்கு வைத்த யூனிமேட் ரோபோவும் இதைத்தான் செய்தது: டை காஸ்டிங் மெஷினிலிருந்து சூடான பாகத்தை எடுத்து வைப்பது. அறுபது வருஷத்துக்கு மேலாகச் செய்து பழகிய வேலை என்பதால் எங்களுக்கும் சுலபமாக முடியும் என்று ஆபீஸில் பேச்சு இருந்தது.

வேகம் எங்கே கூடுகிறது?

ரோபோ வந்தால் ஒரு பீஸுக்கு ஆகும் நேரம் பாதியாகும் என்று நினைப்பவர்களுக்காக இந்தக் கணக்கு. கையின் முனையில் இரட்டை கிரிப்பர் (பீஸைப் பிடிக்கும் பிடி) போட்டு, முடிந்த பீஸை ஒரு பக்கம் எடுத்து, மணிக்கட்டைத் திருப்பி, புது பீஸை மறுபக்கத்திலிருந்து மாட்டினால், கதவு திறந்து மூடுவது உட்பட 18 விநாடி. ஆக முதல் லேத்தின் சுற்று 92 கூட்டல் 18, மொத்தம் 110 விநாடி. ஆபரேட்டர் செய்தால் 114. நான்கு விநாடிதான் வித்தியாசம்! கடைசல் நேரத்தை ரோபோவால் குறைக்க முடியாது. அது டூலும் மெஷினும் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஆனால் எட்டு மணி நேரத்தில் 28,800 விநாடி இருக்கிறது. 110ஆல் வகுத்தால் 261 பீஸ். டூல் மாற்றவும் சின்னச் சின்ன நிறுத்தங்களுக்கும் பத்து சதவீதம் கழித்தால் 235. ஆபரேட்டர் கையில் சாப்பாடு, டீ போக 229 வர வேண்டும். பதிவேட்டில் இருந்ததோ ஷிஃப்டுக்குச் சராசரி 190. அந்த இடைவெளி எங்கே போகிறது என்று பார்த்தால், யாரும் சோம்பேறியாக இல்லை. ஒரு மெஷினில் ஆஃப்செட் (டூல் தேய்வுக்கு ஏற்ப அளவைத் திருத்துவது) பார்த்துக்கொண்டிருக்கும்போது அடுத்த மெஷின் முடிந்து காத்து நிற்கும். மூன்றாவது ஷிஃப்டில் விடியற்காலை மூன்று மணிக்கு மேல் கை தானாக மெதுவாகும். ஒவ்வொரு ஷிஃப்டிலும் கைக்கு எட்டாமல் போகிற, 235க்கும் 190க்கும் நடுவிலான அந்த 45 பீஸைத்தான் ரோபோவிடம் வாங்கப் போகிறோம் என்று முதலிலேயே எழுதிக்கொண்டோம். பிறகு வந்த எல்லாக் கொட்டேஷனையும் இந்த ஒரு வரியை வைத்தே பார்த்தோம்.

கை செய்கிற, யாரும் எழுதி வைக்காத வேலைகள்

ரோபோவை மெஷினோடு இணைத்து அமைத்துத் தரும் இன்டகிரேட்டர் ஒருவரைக் கூப்பிட்டால், டிராயிங் கொடுங்கள், சைக்கிள் டைம் கொடுங்கள் என்பார். அதற்கு முன் நாங்கள் ஒன்று செய்தோம். லைனில் எல்லாரையும்விட அனுபவமுள்ள ஆபரேட்டரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, அவர் பக்கத்தில் முழு ஷிஃப்ட் உட்கார்ந்து, கை என்ன செய்கிறது என்று மட்டும் எழுதினேன். போனில் வீடியோவும் எடுத்தேன். வேலைக் குறிப்புத் தாளில் "பீஸை மாட்டவும்" என்று ஒரே வரியாக இருப்பதற்குள் எத்தனை வேலை ஒளிந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

வலது கையால் ஏர் கன்னை அடித்துக்கொண்டே, இடது கட்டைவிரலால் சக்கில் (லேத்தில் பீஸைப் பிடித்துச் சுற்றும் பிடியில்) பீஸ் உட்காரும் முகத்தை ஒரு சுற்று தடவுகிறார். ஒவ்வொரு பீஸுக்கும் தடவுகிறார். கண் அங்கே இல்லை, அடுத்த மெஷினின் விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. "எதுக்குங்கண்ணே?" என்றேன். "தடவலீன்னா ஃபேஸ் அவுட் ஆயிருமுங்க சார். ஏர் அடிச்சாலும் ஒரு ஊசிச் சிப்பு ஒட்டிட்டு நிக்கும், வெரலுக்குத்தான் தெரியும்." டிராயிங்கில் முகத்தின் ரன்அவுட், அதாவது சுற்றும்போது முகம் ஆடக்கூடிய அளவு, 0.05 மி.மீ. அதைத் தாண்டினால் ஃபேஸ் அவுட். முடி கனத்தில் ஒரு சிப்ஸ் (கடைசல் துண்டு) அடியில் மாட்டினாலே பீஸ் போச்சு.

அப்புறம், கச்சா பீஸைக் கூடையிலிருந்து எடுக்கும்போதே ஒரு புரட்டு புரட்டிப் பார்க்கிறார். ஃபோர்ஜிங் நிறையாமல் மூலை மழுங்கியது, டிரிம் செய்த இடத்தில் பிசிறு தடித்து நிற்பது, இரண்டு டையும் விலகி அடித்தது: இவை அந்த ஒரு விநாடியிலேயே தனிக் கூடைக்குப் போய்விடுகின்றன. மாட்டும்போது உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டி, பீஸ் முகத்தோடு உட்கார்ந்ததை உறுதி செய்த பிறகே பெடலை மிதிக்கிறார். பீஸைச் சுற்றிய நீளச் சுருளைக் கொக்கியால் இழுத்துப் போடுகிறார். டூலின் வெட்டு முனையான இன்சர்ட் மழுங்கும்போது சத்தம் மாறுவதைக் கேட்டு, எண்ணிக்கை முடியும் முன்பே முனையைத் திருப்பிப் போடுகிறார்.

இதில் எங்களை உட்கார வைத்து யோசிக்க விட்டது வேறொன்று. லேத் கடைந்துகொண்டிருக்கும் அந்த ஒன்றரை நிமிடத்தில் முந்தைய பீஸின் போர் (நடுத்துளை) விளிம்பை அரத்தால் இழுத்து, பிசிறு எடுத்து, துரு பிடிக்காமல் இருக்க எண்ணெயில் முக்கி வைக்கிறார். கணக்கில் இதற்கு நேரமே காட்டவில்லை, ஏனென்றால் மெஷின் ஓடும் நேரத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. ஆபரேட்டரை எடுத்துவிட்டு ரோபோவை நிறுத்தினால், ஷிஃப்டுக்கு இருநூற்றுச் சொச்சம் பீஸுக்கு யார் பிசிறு எடுப்பது? அதற்குத் தனியாக ஓர் ஆளைப் போட்டால் திட்டமே அடிபட்டுப் போகும்.

இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வீடு தேடினோம். சிலவற்றை ரோபோ வருவதற்கு முன்பே லேத்தில் தீர்க்க முடிந்தது. போர் விளிம்புக்கு, கடைசிப் பாஸுக்குப் பிறகு அதே டூல் 0.3 மி.மீ. சாம்ஃபர் (விளிம்புச் சரிவு) போட்டுவிட்டு, போருக்குள் ஒருமுறை வெட்டாமல் போய் வருமாறு புரோகிராமை மாற்றினோம். முக்கால்வாசிப் பிசிறு அங்கேயே போனது. மிச்சத்துக்கு வெளியேறும் கன்வேயர் பக்கத்தில் சுழலும் நைலான் பிரஷ் ஒன்று. ரோபோ பீஸைக் கொண்டுபோய் அதில் இரண்டு விநாடி காட்டிவிட்டு வைக்கும்.

நீளச் சுருளுக்கு வேறு சிப் பிரேக்கர் (சுருளை உடைக்கும் பள்ளம்) உள்ள இன்சர்ட்டை வாங்கி, ஃபினிஷிங் ஃபீடை (ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரத்தை) 0.15இலிருந்து 0.22 மி.மீ.க்கு ஏற்றினோம். சுருள் உடைந்து காற்புள்ளி மாதிரி சின்னச் சின்னத் துண்டாக விழுந்தது. டிராயிங்கில் கேட்ட ஃபினிஷ் (மேற்பரப்பின் வழவழப்பு) ஆர்ஏ 3.2 மைக்ரான்தான் என்பதால் ஃபீட் ஏற்ற இடம் இருந்தது. அதைவிட நயமான ஃபினிஷ் கேட்கும் பீஸாக இருந்தால் இந்த வழி ஓடாது. அதிக அழுத்தக் கூலன்ட் பம்புக்குத்தான் போக வேண்டியிருக்கும், செலவும் ஏறும். சுருள் உடையாத லைனில் ரோபோ போடவே கூடாது என்பது என் கருத்து. ஒரு சுருள் கிரிப்பருக்கும் சக்கின் பிடிவிரலான ஜாவுக்கும் நடுவே மாட்டினால் ரோபோ நிற்கும், ஆள் உள்ளே போக வேண்டும், ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் காலி.

கட்டைவிரலுக்கு மாற்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. சக்கின் இருக்கை முகத்தில் சிறு துளை வழியாகக் காற்று விட்டு, பீஸ் சரியாக உட்கார்ந்தால் அழுத்தம் ஏறுகிறதா என்று பார்க்கும் ஏற்பாடு உண்டு. புது மெஷின் வாங்கும்போதே கேட்டு வாங்கினால் நல்லது. எங்கள் பழைய லேத்தில் ஸ்பிண்டில் (சக்கைச் சுற்றும் தண்டு) வழியே காற்றைக் கொண்டுபோக சிலிண்டரையே மாற்ற வேண்டும் என்றார்கள். அதனால் இரண்டு அடுக்காகச் செய்தோம். கிரிப்பரிலேயே ஏர் நாசில் வைத்து, ஸ்பிண்டில் மெதுவாகச் சுற்றும்போது மூன்று விநாடி ஊத வைத்தோம். அதன் பிறகு கிரிப்பரில் ஸ்பிரிங் வைத்த தள்ளு தட்டு ஒன்று பீஸை முகத்தோடு அழுத்தும். ஸ்பிரிங் எவ்வளவு உள்ளே போனது என்பதை ஒரு பிராக்ஸிமிட்டி சென்சார் (தொடாமலே அருகில் இருப்பதை அறிவது) பார்க்கும். போதுமான அளவு போகவில்லை என்றால் பீஸ் கோணலாக இருக்கிறது என்று பொருள். ரோபோ பின்வாங்கி மறுபடி ஊதி ஒருமுறை முயற்சி செய்யும், அப்புறமும் ஆகாவிட்டால் மணி அடிக்கும். இந்தச் சென்சார் விரல் அளவுக்கு நுணுக்கமானது இல்லை. 0.2 மி.மீ.க்குக் கீழே அதற்குத் தெரியாது. மிச்சத்தை நல்ல ஊதலும் உடைந்த சிப்ஸும் பார்த்துக்கொள்ளும் என்று கணக்கு வைத்து, மாதிரி எடுத்துச் சோதிப்பதைக் கூட்டினோம்: இருபது பீஸுக்கு ஒன்றை ரோபோ தனி டிராயரில் வைக்கும், ஆபரேட்டர் அளந்து ஆஃப்செட் போடுவார்.

கச்சா பீஸைப் புரட்டிப் பார்ப்பதை ரோபோவிடம் கொடுக்கவில்லை. கேமரா வைத்துக் கூடையிலிருந்தே பொறுக்கும் முறைக்கும் விலை கேட்டோம், கேட்டதோடு சரி. கன்வேயரில் பீஸை அடுக்குவது ஆளின் வேலை, அடுக்கும்போதே பார்த்துவிடுவார். வி வடிவ இருக்கைகளோடு 60 பீஸ் கொள்ளும் கன்வேயர், 110 விநாடிக்கு ஒன்று என்றால் 110 நிமிடம் தாங்கும். உயரம் தடித்த பீஸ் உள்ளே போகாமல் இருக்கக் கன்வேயர் வாயில் ஓர் இரும்புக் கேட் கேஜ். இதில் மின்சாரம், சென்சார் எதுவும் கிடையாது. ரோபோ, லேத், கன்வேயர் எல்லாம் சேர்ந்த முழு செல்லிலேயே எனக்குப் பிடித்த பாகம் இதுதான்.

எத்தனை கிலோ ரோபோ

3.8 கிலோ பீஸுக்கு 10 அல்லது 12 கிலோ ரோபோ தாராளம் என்று தோன்றும். கூட்டிப் பார்க்க வேண்டும். மூன்று ஜா உள்ள காற்று கிரிப்பர் ஒன்று 2.4 கிலோ, அது இரண்டு. நடுவில் பிராக்கெட், தள்ளு தட்டு, வால்வு, ஹோஸ் எல்லாம் சேர்ந்து 4 கிலோ. மாற்றும் கணத்தில் ஒரு கையில் கச்சா 3.8, மறுகையில் முடிந்தது 3.4. மொத்தம் 16 கிலோ. அதுவும் மணிக்கட்டின் அச்சிலிருந்து 180 மி.மீ. தள்ளி நிற்கிறது. கேட்டலாக்கில் உள்ள பேலோட் (தூக்கும் பாரம்) எண், பாரம் மணிக்கட்டுக்கு ஒட்டியபடி இருந்தால் மட்டும் செல்லும். தள்ளிப் போகப் போகக் குறைவதற்குத் தனி வரைபடம் உண்டு. அதைப் பார்க்காமல் வாங்கினால் ரோபோ தூக்கும், ஆனால் வேகத்தைக் குறைத்துத்தான் தூக்கும். 20 கிலோ வகைக்குப் போனோம். மஞ்சளா ஆரஞ்சா என்ற பிராண்டு விவாதம் சாப்பாட்டு மேசையில் ரொம்ப நாள் ஓடியது. கடைசியில் எங்கள் ஊரிலிருந்து சர்வீஸ் ஆள் எவ்வளவு சீக்கிரம் வருவார் என்ற கேள்வியே அதை முடித்து வைத்தது.

கொட்டேஷன்களில் பெரும்பாலும் விட்டுப்போகிற பகுதி லேத்தில் செய்ய வேண்டிய மாற்றம். கதவு தானாகத் திறக்கக் காற்று சிலிண்டர். சக் பிடித்தது, விட்டது என்பதற்குத் தனித்தனி சிக்னல். ரோபோவை அழைக்க எம் கோடுகள் (லேத் புரோகிராமில் எழுதும் கட்டளைகள்). முதல் லேத்தில் சக்கின் மூன்று ஜாவும் கிரிப்பரின் மூன்று ஜாவும் ஒரே வெளி விட்டத்தைப் பிடிக்கின்றன. ஒன்றின் இடைவெளியில் மற்றொன்று 60 டிகிரி தள்ளி நுழைய வேண்டும். அதற்கு ஸ்பிண்டில் ஒவ்வொரு முறையும் ஒரே கோணத்தில் நிற்க வேண்டும், அதாவது எம்19 வேலை செய்ய வேண்டும். ஒரு லேத்தில் அந்த ஆப்ஷன் திறக்கப்படவே இல்லை, தனிக் கட்டணம் கட்டித் திறந்தோம். சிக்னல் வரிசையும் பேப்பரிலேயே முடிவாக வேண்டும்: சக் பிடித்த சிக்னல் வராமல் கிரிப்பர் விடக்கூடாது, கிரிப்பர் பிடித்த சிக்னல் வராமல் சக் விடக்கூடாது. எடுத்துக்காட்டாக, சக்கின் அழுத்த சுவிட்ச் மட்டும் போதாது. ஜா பீஸைத் தவறவிட்டு முழுதாக மூடினாலும் அழுத்தம் வரும். ஜா எங்கே நிற்கிறது என்று காட்டும் சென்சாரும் வேண்டும்.

வேலி

இன்டகிரேட்டர்களில் ஒருவர் வேலியே இல்லாத கோபாட் சொன்னார். மனிதரோடு பக்கத்தில் நின்று வேலை செய்யும், தொட்டால் நின்றுவிடும். தொடும் விசைக்கு 2016இல் வந்த ஐஎஸ்ஓ டிஎஸ் 15066 என்ற குறிப்பு வரம்பு சொல்கிறது. ஆனால் கை மிருதுவாக இருந்து என்ன பயன், பிடித்திருப்பது விளிம்பு கூர்மையான மூன்றரைக் கிலோ எஃகு! ஆபத்தைப் பீஸோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அந்த வரம்புக்குள் ஓட்டினால் வேகமும் 18 விநாடியில் நிற்காது.

இன்னொருவர் தரையில் லேசர் ஸ்கேனர் வைக்கலாம், பார்ப்பதற்குத் திறந்த வெளியாக அழகாக இருக்கும் என்றார். எவ்வளவு தள்ளி வைக்க வேண்டும் என்பதற்கு ஐஎஸ்ஓ 13855இல் கணக்கு இருக்கிறது. ஆள் நடக்கும் வேகம் விநாடிக்கு 1,600 மி.மீ. என்று எடுத்து, ஸ்கேனர் பார்த்ததிலிருந்து ரோபோ நிற்கும் வரையான நேரத்தால் பெருக்க வேண்டும். எங்களுக்கு அது 0.6 விநாடி, 960 மி.மீ. ஸ்கேனர் தரையிலிருந்து 200 மி.மீ. உயரத்தில் இருந்தால் கை நீட்டுவதற்காக மேலும் 1,120 சேர்க்க வேண்டும். மொத்தம் 2,080. இது ரோபோ கை எட்டும் கடைசிப் புள்ளியிலிருந்து! ஃபோர்க்லிஃப்ட் போகும் பாதை முழுதும் ஸ்கேனருக்குள் வந்துவிடும், வண்டி போகும்போதெல்லாம் ரோபோ நிற்கும். கம்பி வேலிதான் என்று முடிவானது. இரண்டு மீட்டர் உயரம், ஒரு கேட், அதில் பூட்டு சுவிட்ச். கன்வேயர் நுழையும் வாய்க்கு லைட் கர்ட்டன் (கை குறுக்கிட்டால் நிறுத்தும் ஒளித்திரை) கூட வேண்டாம் என்று 70 மி.மீ. உயரமுள்ள, 900 மி.மீ. நீளச் சுரங்கமாகத் தகடு அடித்துவிட்டோம். முழுக் கையை விட்டாலும் உள்ளே எட்டாது.

வேலியைவிட முக்கியமாக நான் நினைத்தது, ஆள் ஏன் உள்ளே போவார் என்ற கேள்வி. 1979 ஜனவரியில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஃபிளாட் ராக் வார்ப்பு ஆலையில் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற தொழிலாளி ரோபோ கை மோதி இறந்தார். அடுக்கிலிருந்து பாகங்களை எடுக்க வேண்டிய ரோபோ சரியாகச் செய்யாததால், தானே ஏறி எடுக்கப் போனவர். ஓடிக்கொண்டிருக்கும் ரோபோவிடம் யாரும் வேலையில்லாமல் போவதில்லை; சின்னக் கோளாறு வரும்போதுதான் போகிறார்கள். அதனால் சின்னக் கோளாறுகளை வேலிக்கு வெளியிலிருந்தே தீர்க்கும் வழிகளைத் தேடினோம். மாதிரி டிராயர் வெளியே திறக்கும். கன்வேயரில் விழுந்த பீஸை எடுக்கப் பக்கத் தகட்டில் கதவு. சிப்ஸ் ஊதும் நாசிலை வெளியிலிருந்து ஒரு பட்டனில் இயக்கலாம். உள்ளே போகத்தான் வேண்டும் என்றால், கேட்டைத் திறந்ததும் ரோபோ நிற்கும். ரோபோவை ஓட்டும் கைப்பெட்டியான பென்டன்ட்டைக் கையில் எடுத்து மெதுவான முறையில் ஓட்டினால் விநாடிக்கு 250 மி.மீ.க்கு மேல் போகாது. பென்டன்ட்டின் பின்னால் ஒரு சுவிட்ச் இருக்கிறது: பாதி அழுத்தினால்தான் ரோபோ நகரும், விட்டாலும் நிற்கும், பயத்தில் இறுக்கிப் பிடித்தாலும் நிற்கும். பயிற்சியின்போது எல்லாரையும் அதை வேண்டுமென்றே இறுக்கிப் பார்க்கச் சொன்னோம்.

லேஅவுட்டுக்குத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டு அதற்குள் நடந்து பார்த்தோம். கம்ப்யூட்டர் சிமுலேஷனில் கை எட்டுவது தெரிந்தது. செட்டர் சக் ஜாவை மாற்ற மெஷின் முன் நிற்க இடமில்லை என்பது சாக்பீஸ் கோட்டில்தான் தெரிந்தது. ரோபோவின் பீடத்தை 350 மி.மீ. பின்னுக்குத் தள்ளினோம். சிப் கன்வேயரைப் பின்பக்கம் உருவ இடம் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொண்டோம். தரை பழசு, கூலன்ட் ஊறியது. பீடத்துக்குத் தனியாகக் காங்கிரீட் போட்டோம்.

பணமும் ஆளும்

எல்லாம் சேர்த்து 38 லட்சம். அதில் ரோபோவின் விலை மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுமேல்; மிச்சம் கிரிப்பர், கன்வேயர், வேலி, லேத் மாற்றம், புரோகிராமிங். ரோபோ விலையை மட்டும் கேட்டுவிட்டு பட்ஜெட் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் இந்தத் திட்டம் நிற்காது. மூன்று ஷிஃப்டுக்கும் மாற்றுக்கும் சேர்த்து நான்கு பேர் இருந்த லைனில் இரண்டு பேர் வேறு லைனுக்குப் போகலாம். வருஷத்துக்கு 6 லட்சம். ஆறு வருஷத்துக்கு மேல் ஆகும். கூடுதலாக வரும் பீஸ்தான் கணக்கை மாற்றுகிறது. ஷிஃப்டுக்கு 45, நாளைக்கு 135, வருஷத்துக்கு 300 நாள் என்றால் 40,500. டூல், கரண்ட் போக ஒரு பீஸில் 24 ரூபாய் நின்றால் 9.7 லட்சம். பராமரிப்புக்கு ஒரு லட்சம் கழித்தாலும் இரண்டரை வருஷத்துக்குச் சற்று மேல். ஆனால் அந்தக் கூடுதல் பீஸை வாங்கிக்கொள்ள கஸ்டமர் வேண்டுமே! ஆர்டர் இல்லாத லைனில் ரோபோ போட்டால் வேகமாகக் காத்துக்கொண்டிருப்போம், அவ்வளவுதான். கஸ்டமரிடம் அடுத்த இரண்டு வருஷ ஷெட்யூலை எழுத்தில் வாங்கிய பிறகே முதலாளி அட்வான்ஸ் கொடுத்தார்.

ஆட்கள் விஷயத்தில், ஆர்டர் போடுவதற்கு முன்பே எல்லாரையும் கூட்டிச் சொன்னோம். யாரையும் அனுப்பப் போவதில்லை, இரண்டு பேர் டிரில்லிங் பிரிவுக்குப் போவார்கள், யார் என்பதைப் பேசி முடிவு செய்யலாம் என்று. நம்பிக்கை உடனே வரவில்லை. ஏன் வர வேண்டும்? கட்டைவிரலால் தடவுகிற அண்ணனை ரோபோ பயிற்சிக்கு அனுப்பியபோதுதான் முகங்கள் கொஞ்சம் மாறின. ஐடிஐ முடித்த இளைஞர்களைத்தான் அனுப்புவார்கள் என்று அவரே நினைத்திருந்தார். பட்டனை யாருக்கு வேண்டுமானாலும் சொல்லிக்கொடுக்கலாம். ஒரு பீஸ் ஏன் ஃபேஸ் அவுட் ஆகிறது என்று தெரிந்தவர் பென்டன்ட்டைப் பிடிப்பது மேல் என்று தோன்றியது.

கரண்ட் போனால்

இன்டகிரேட்டர் இடத்தில் ஓட்டிக் காட்டியபோது எல்லாம் சுத்தமாக ஓடியது. அங்கே கூலன்ட் இல்லை, சிப்ஸ் இல்லை, துடைத்து வைத்த பீஸ்கள். எங்கள் தளத்தில் நிறுவியதும் முதல் வாரத்திலேயே பிராக்ஸிமிட்டி சென்சார் முனையில் சிப்ஸ் ஒட்டிப் பொய் சிக்னல் கொடுத்தது. தகடு மறைப்பு வைத்து, நாசிலின் காற்று அதன் மேலும் படும்படி திருப்பினோம். மணிக்கட்டில் ஹோஸ் உரசித் தேய்ந்தது. கட்டும் இடத்தை மாற்றினோம்.

இதையெல்லாம் எதிர்பார்த்துத்தான் இருந்தோம். திட்டக் கட்டத்தில் நாங்கள் பிடிவாதமாகக் கேட்டு வாங்கிய ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்: பாதியில் நின்றால் வெளியே வரும் வழி. எங்கள் பகுதியில் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஏறுவதற்குள் எல்லாம் அணைந்துவிடும். அந்த நேரத்தில் ரோபோ லேத்துக்குள் கையை விட்டபடி, இரண்டு கையிலும் பீஸோடு நிற்கலாம். கரண்ட் வந்ததும் ரோபோவைத் தொடக்க நிலைக்கு அனுப்பும் ஹோம் பட்டனை அழுத்தினால், ஒழுங்காக எழுதாத புரோகிராம் நேர்கோட்டில் ஹோமுக்குப் போகப் பார்க்கும். நேர்கோட்டில் டர்ரெட் (லேத்தில் டூல்கள் மாட்டிய தலை) இருக்கும். அதனால் ரோபோ தன் ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண்ணை நினைவில் எழுதி வைக்கும்: கதவுக்கு வெளியே, கதவுக்குள், சக்குக்கு முன்னால், சக்கில் பிடித்தபடி, இப்படி. கரண்ட் வந்ததும் ஹோம் புரோகிராம் அந்த எண்ணைப் படித்து, போன வழியிலேயே பின்னோக்கித் திரும்பும். சக்கும் கிரிப்பரும் சேர்ந்து பிடித்திருக்கும் கட்டத்தில் மட்டும் தானாக எதுவும் செய்யாது, ஆளைக் கூப்பிடும். கிரிப்பர் வால்வுகளும் கரண்ட் போனால் இருந்த நிலையிலேயே நிற்கும் வகையில் இரட்டைச் சோலனாய்டு, காற்று இறங்கினாலும் பிடி விடாமல் இருக்க செக் வால்வு.

ஏற்றுக்கொள்ளும் சோதனையில் இதைத்தான் அதிகம் சோதித்தோம். ரோபோ ஒவ்வொரு கட்டத்தில் இருக்கும்போதும் மெயின் சுவிட்சை இறக்கி, மறுபடி ஏற்றி, ஆபரேட்டரையே ஹோமுக்குக் கொண்டுவரச் சொன்னோம். இன்டகிரேட்டர் அனுப்பிய பையனுக்கு முகம் சுருங்கியது. மூன்றாவது ஷிஃப்டில் அவன் இருக்க மாட்டானே. இரண்டு கட்டங்களில் வழி சரியில்லாமல் அங்கேயே திருத்தினான். கையெழுத்து அதற்குப் பிறகுதான்.

இப்போது ஷிஃப்டுக்கு 225 முதல் 240 வரை வருகிறது. ஒரே ஆபரேட்டர் இந்தச் செல்லோடு பக்கத்து விஎம்சி மில்லிங் மெஷினையும் பார்க்கிறார். ஃபேஸ் அவுட் முழுதாக நின்றுவிடவில்லை. வந்தால் பெரும்பாலும் கூலன்ட் அடர்த்தி குறைந்து சிப்ஸ் ஒட்டும் நாட்களில் வருகிறது, அதனால் தினமும் காலையில் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்ப்பது கட்டாயமாகிவிட்டது. ரோபோவின் என்கோடர் பேட்டரியை வருஷத்துக்கு ஒருமுறை, கன்ட்ரோலர் கரண்ட் ஓடும்போதே மாற்ற வேண்டும் என்று பேனலின் கதவில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கிறோம். அணைத்துவிட்டு மாற்றினால் ரோபோ தன் பூஜ்ஜியத்தை மறந்துவிடும், மறுபடி மாஸ்டரிங் செய்து எல்லாப் புள்ளியையும் சரிபார்க்க வேண்டும். ஃபோர்ஜிங் சப்ளையருக்குப் போகும் பர்சேஸ் ஆர்டரில் டிரிம் பிசிறு 0.8 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது என்ற வரி சேர்ந்திருக்கிறது. முன்பு அது ஆபரேட்டரின் கண்ணுக்கு மட்டும் தெரிந்த கணக்கு.

அடுத்தது டிரில்லிங் பிரிவு. அங்கே பீஸைப் பிடித்து நிறுத்தும் ஃபிக்ஸ்சரின் லொகேட்டர் பின்னைச் சுற்றிச் சிப்ஸ் குவியலாகத் தேங்குகிறது, ஆபரேட்டர் ஒவ்வொரு முறையும் பிரஷ்ஷால் தள்ளுகிறார். ரோபோ கொட்டேஷன் கேட்பதற்கு முன் அந்த ஃபிக்ஸ்சரைச் சரிவாக மாற்றி வரையச் சொல்லியிருக்கிறேன்.